தம்பியின் பெயரில் வந்த தேசிக்காய்

இருதயத்தைப் பற்றி உருகி உருகிக் கதைக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் வெள்ளவத்தையில் மதியச் சாப்பாடு சமைத்துப் பார்சல் கட்டி விற்கிறவள். ஆட்டின் இருதயம் எத்தனையோ வெட்டிக் கழுவியிருக்கிறேன். உள்ளே பாசமும் இல்லை, பரிவும் இல்லை. கொஞ்சம் உறைந்த இரத்தம் இருக்கும். அதைக் கழுவி ஊற்றிவிட்டு மிளகு தூக்கலாகப் போட்டால் நல்ல பிரட்டல்.

என்னுடைய இருதயத்தில் கோளாறு என்று தெரிந்தபோதும் நான் உருகவில்லை. எங்கள் மாடிக்கட்டடத்தில் லிப்ட் வேலை செய்யாது. அது வேலை செய்ததைக் கண்ணால் கண்டவர்கள் எல்லாம் வெளிநாடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒருநாள் மரக்கறிப் பையோடு ஏறினேன். இரண்டாம் மாடியில் நெஞ்சை யாரோ முழங்காலால் அமத்துவது போல் இருந்தது. படியிலேயே குந்திவிட்டேன். கத்தரிக்காய்கள் உருண்டு கீழே போயின. அவற்றைத் திட்டுவதற்குக்கூட மூச்சு இல்லை. அப்போதுதான் விஷயம் பெரிது என்று விளங்கியது.

டொக்டர் நெஞ்சில் குளிர்ந்த களியைப் பூசி ஸ்கான் செய்துவிட்டு ஒரு கடதாசியில் கீறிக் காட்டினார். இருதயத்தின் தசை தடித்துப் போயிருக்கிறதாம். அதிலும் இரண்டு அறைகளுக்கு நடுவில் உள்ள சுவர் மிகவும் தடிப்பாம். இரத்தம் வெளியே போகிற வாசலை அந்தச் சுவர் அடைக்கிறதாம்.

"சுவரை இடிக்கேலாதோ?" என்று கேட்டேன்.

"தேவை வந்தா அதுக்கும் வழி இருக்கு அம்மா. இப்போதைக்குக் குளிசை போடுங்கோ. பாரம் தூக்க வேண்டாம், ஓட வேண்டாம்."

வெள்ளவத்தையில் ஒரு வருத்தம் வந்தால் அதற்குக் காரணம் சொல்ல ஆட்கள் வரிசையில் வருவார்கள். கீழ்மாடி மனுசி வந்து, நான் ஆட்களோடு எரிந்து விழுவதால்தான் இருதயம் தடித்தது என்றாள். ஆட்களோடு சிரித்துச் சிரித்தே கதைக்கிற உனக்கு ஏன் உடம்பு முழுக்கத் தடித்தது என்று கேட்டேன். பிறகு அவள் வரவில்லை. வருத்தத்தால் கிடைத்த முதல் நன்மை அது.

ஆனால் டொக்டர் கடைசியில் கேட்ட கேள்விகள் இரண்டும் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை.

"இது பிறப்போட வாற வருத்தம். உங்கட குடும்பத்தில ஆராவது இளம் வயசில திடீரெண்டு செத்தவையோ?"

"அப்பா. குளிச்சுப்போட்டுத் தலை துடைச்சுக்கொண்டு நிண்டவர், அப்பிடியே விழுந்தவர். ஆரோ கண்பட்ட நாவூறு எண்டு சொன்னவை."

"கூடப் பிறந்தவையில ஆராவது மயங்கி விழுந்திருக்கினமோ?"

எனக்கு ஒரே ஒரு தம்பி. கொட்டாஞ்சேனையில் இருக்கிறான். அவன் மயங்கி விழுந்தது ஊருக்கே தெரியும். ஆனால் ஒருவரும் அதை மயக்கம் என்று சொல்லவில்லை. சாமி இறங்கி உரு வந்தது என்று சொன்னார்கள்.

அதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். எங்கள் கோவில் திருவிழாவில் சுவாமியைத் தோளில் வைத்துத் தெருவால் காவுவார்கள். நீளத் தடிகளுக்குக் கீழே தோள் கொடுத்து நிற்க ஆண்பிள்ளைகள் போட்டிபோட்டு அடிபடுவார்கள். முன்தடியின் வலது பக்கம் என் தம்பியின் இடம். அதற்கு முன் அது அப்பாவின் இடம். போன வருடத் திருவிழாவில் வீதி வளைவில் திரும்பும்போது தம்பி கண்ணை மேலே செருகினான், இரண்டு தரம் ஆடினான், தடியை விட்டுவிட்டுத் தெருவில் நீட்டி நிமிர்ந்து விழுந்தான். மேளகாரர் வேகத்தைக் கூட்டினார். பெண்கள் கும்பிட்டார்கள். ஐயர் ஓடிவந்து முகமெல்லாம் திருநீறு அப்பினார். எழும்பி உட்கார்ந்தபோது கழுத்தில் மாலை கிடந்தது.

அன்றிலிருந்து அவன் அரைச்சாமி. தெருவில் நடந்தால் ஆட்கள் மறித்து, மகனுக்கு விசா கிடைக்குமா என்று கேட்பார்கள். இவனும் கண்ணை மூடிக்கொண்டு "கிடைக்கும்" என்பான். இரண்டு பேருக்குக் கிடைத்தும் தொலைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை.

டொக்டர் சொன்னார்: "அவரைக் கட்டாயம் ஸ்கான் எடுக்கச் சொல்லுங்கோ. உங்கட வருத்தம் அவருக்கும் இருந்தா, பாரம் தூக்கேக்கை விழுகிற ஆள் ஒருநாள் எழும்பாமலும் போகலாம்."

அடுத்த திருவிழாவுக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

கொட்டாஞ்சேனைக்குப் போனேன். தம்பி சாரத்தோடு தொலைக்காட்சிக்கு முன்னால் கிடந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, உனக்கு வந்தது வருத்தம். எனக்கு வந்தது உரு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதை."

"விசரா, அப்பா செத்ததும் உருவோ?"

"அது நாவூறு."

"ஸ்கான் எடுத்தா என்ன உனக்கு? கூசுமோ?"

"எடுத்தா இல்லாத வருத்தமும் இருக்கு எண்டு எழுதுவாங்கள். பிறகு தடியைக் குடு எண்டு கேப்பாங்கள். பின்தடியில நிக்கிறவன் எத்தினை வருசமா என்ட இடத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறான் தெரியுமோ?"

உயிர் போனாலும் பரவாயில்லை, பின்தடிக்காரனுக்கு இடம் போகக் கூடாது. இப்படிப்பட்டவனோடு நான் ஒரே வயிற்றில் பிறந்திருக்கிறேன். அவனுடைய மனைவி, என் மச்சாள், குசினி வாசலில் நின்று கண்ணைத் துடைத்தாள். அவள் நல்லவள். அழுவதைத் தவிர வேறு வேலை தெரியாது.

நான் ஒரு கிழமை விடாமல் போன் எடுத்துத் திட்டினேன். எட்டாம் நாள் திடீரென்று, "சரி அக்கா, எடுக்கிறன்" என்றான். அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவன் பிறந்ததிலிருந்து ஒன்றுக்கும் சரி சொன்னதில்லை. வெள்ளவத்தையில் நான் போகிற கிளினிக்கிலேயே அவன் பெயரில் பதிந்தேன். என் போன் நம்பரைக் கொடுத்தேன். நானும் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம், உன் வாய்க்கு எனக்கு இருதயம் படபடக்கும், ஸ்கானில் பிழை காட்டும் என்றான். அதில் கொஞ்சம் நியாயம் இருந்ததால் விட்டுவிட்டேன்.

ஸ்கான் முடிந்த அன்று மத்தியானம், நான் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருக்கும்போது டொக்டரே போன் எடுத்தார்.

"அம்மா, உங்கட தம்பிக்கு உங்கட வருத்தம் இல்லை. தசை நல்ல மாதிரி இருக்கு."

"பாத்தீங்களோ, எருமை மாதிரி இருக்கிறான்."

"ஆனா வேற ஒண்டு இருக்கு. இடது பக்க மேல் அறைக்குள்ள ஒரு கட்டி. தேசிக்காய் அளவு. காம்பில தொங்குது. புற்றுநோய் மாதிரித் தெரியேல்லை, பயப்பட வேண்டாம். ஆனா அதில ஒரு துண்டு உடைஞ்சு தலைக்குப் போனாப் பாரிசவாதம் வந்திடும். கெதியா வெட்டி எடுக்க வேணும். அவர் ஸ்கான் எடுத்த உடனேயே அவசரமாப் போயிட்டார். கூட்டிக்கொண்டு வாங்கோ."

தாளிதம் கருகியது. அன்று பார்சல் வாங்கியவர்கள் இன்றுவரை அந்தப் பருப்பைப் பற்றிச் சொல்வார்கள். சொல்லட்டும்.

இருதயத்துக்குள் தேசிக்காய். நான் சாறு பிழிகிற, ஊறுகாய்க்கு வெட்டுகிற சாமான் என் தம்பியின் நெஞ்சுக்குள் தொங்குகிறது. ஓட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். காலி வீதி முழுக்க ஓட்டோக்காரனைத் திட்டினேன். அவன் சிங்களவன், ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு சந்தியிலும் "ஹரி அம்மே, ஹரி அம்மே" என்று சமாதானம் சொன்னான்.

தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மீன்குழம்பும் சோறும் மலைபோல. நான் வாசலில் நின்று மூச்சு வாங்கி வாங்கிச் சொல்லி முடித்தேன். மச்சாள் அம்மிக்குப் பக்கத்தில் விழுந்து, "ஐயோ என்ட ராசா!" என்று தொடங்கினாள்.

ராசா என்ன செய்தான் தெரியுமா? சிரித்தான். வாய் நிறையச் சோற்றோடு சிரித்தான். "எனக்கோ? கட்டியோ? சும்மா போ அக்கா" என்று அடுத்த கவளத்தை உருட்டினான். பயத்தில் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தேன். கவளம் பாதி வழியில் நின்றது. சிரிப்பு போனது. முகம் வெளுத்து வாழைத்தண்டு மாதிரி ஆனது.

"ஐயோ," என்றான். "அவனுக்கு."

"எவனுக்கு?"

சொன்னான். ஸ்கானுக்குப் போனது அவன் இல்லை. அடுத்த ஒழுங்கையில் இருக்கிற அவனுடைய முஸ்லிம் கூட்டாளியைத் தன் பெயர் சொல்லி அனுப்பியிருக்கிறான். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள், அல்லது படிக்காதவர்கள். புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கிற மனுசன். சிகரெட் இல்லை, குடி இல்லை, விடிய எழும்பித் தொழுதுவிட்டுக் கடற்கரையில் நடக்கிறவர்.

"ஒழுங்கையில அவன்ட இருதயம்தான் சுத்தமான இருதயம் எண்டு யோசிச்சன் அக்கா. நல்ல ரிப்போட் வரும், உன்ட வாயும் மூடும் எண்டு."

நான் கையில் அகப்பட்டதை எடுத்து அடித்தேன். அகப்பட்டது குடை. அது பிறகு விரியவில்லை. மச்சாள் அழுகையை நிறுத்தி, கணவனுக்குக் கட்டி இல்லை என்று கடவுளைக் கும்பிட்டாள். பிறகு கூட்டாளியின் மனைவியை நினைத்து மறுபடி அழுதாள். ஒரே கண்ணீர், இரண்டு குடும்பத்துக்கும் காணும்.

மூன்று பேரும் அடுத்த ஒழுங்கைக்குப் போனோம். கூட்டாளி வீட்டில் கதிரையில் சாய்ந்திருந்தார். கொஞ்ச நாளாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது, சாய்ந்துதான் நித்திரை என்று அவர் மனைவி சொன்னாள். நோன்பு பிடித்த களைப்பு என்று நினைத்தார்களாம். நோன்பு முடிந்து எத்தனையோ நாள்.

வழியெல்லாம் நான் தம்பிக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன், மெல்லமாகச் சொல், பக்குவமாகச் சொல் என்று. அவன் உள்ளே போனதும், "மச்சான், உன்ட இருதயத்தில ஒரு தேசிக்காய் தொங்குதாம்" என்றான்.

கூட்டாளி அவனை மேலும் கீழும் பார்த்தார். "அது ஒன்ட இருதயம்."

"இல்லடா, உன்ட."

"ரிப்போட்டில யார்ட பேர் ஈக்கிது?"

"என்ட பேர்தான். ஆனா படுத்தது நீ."

"நான் படுத்தது ஒனக்காக. அப்ப அது ஒன்ட கணக்கில தான் சேரும். எனக்கி ஒரு வருத்தமும் இல்ல."

"டேய், கட்டி உன்ட நெஞ்சுக்குள்ள இருக்கு!"

"நீ தானே உரு வார ஆள். கண்ண மூடிப் பார்த்துச் செல்லு, யார்ட நெஞ்சுக்குள்ள எண்டு."

இரண்டு கிழட்டு மாடுகளும் ஒரு கட்டியை அங்கும் இங்குமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு சத்தம் போட்டேன். எதிர்வீட்டு நாயும் அடங்கியது. "உடுப்பை மாத்துங்கோ, ரெண்டு பேரும்!" என்றேன். அதற்குப் பிறகுதான் கூட்டாளி கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தார். எனக்கு அதற்குமேல் திட்ட மனம் வரவில்லை. மனைவி அவருக்கு ஒரு சேட் எடுத்து வந்து, பொத்தான்களை மேலும் கீழுமாகப் பூட்டிவிட்டாள்.

கிளினிக்கில் மனைவிமார் இரண்டு பேரும் வெளியே இருக்க, டொக்டர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் ஒரு கோபக்காரி. அவருடைய கோபத்தைப் பார்த்ததும் எனக்கே மரியாதை வந்தது. வெளியே இருந்த நோயாளி ஒருவர் எழும்பி வீட்டுக்குப் போய்விட்டாராம்.

கூட்டாளியை மறுபடியும் படுக்கவைத்தார். திரையில் எனக்கும் காட்டினார். உண்மையாகவே ஒரு உருண்டை, காம்பில் தொங்கிக்கொண்டு, இருதயம் துடிக்கத் துடிக்கக் கீழ் அறை வாசலுக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. கதவடியில் நின்று உள்ளே வரவா வேண்டாமா என்று யோசிக்கிற விருந்தாளி மாதிரி. படுத்தால் அது வாசலை மூடுகிறது, அதுதான் மூச்சு முட்டுகிறது என்றார் டொக்டர். அன்றே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார்.

அப்போதுதான் கூட்டாளி ஒரு குண்டு போட்டார். "நான் போய்ப் படுக்கிறன் டொக்டர். சைன் வைக்கிறன். அதுக்கு முன்ன இவன் இந்தக் கட்டில்ல படுக்கோணும். இவன்ட ரிப்போட்ட நான் கண்ணால பார்க்கோணும்."

"என்னடா மச்சான்," என்றான் தம்பி.

"ஒனக்காக நான் படுத்ததால தானே எனக்குத் தெரிய வந்திச்சு. இப்ப ஒனக்காக நீ படு."

"எனக்கு ஒண்டும் இல்லையடா."

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன்."

தம்பி செருப்பைக் கழற்றினான். சொன்ன சொல் கேட்பது எங்கள் குடும்பத்தில் அபூர்வம்.

அந்தக் கட்டி நல்லபடியாக வெளியே வந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆள் பிழைப்பாரோ என்று வாசகரைக் காக்கவைத்துக் கதை சொல்கிறவர்களில் நான் இல்லை. கூட்டாளி இன்றும் புறக்கோட்டையில் துணி கிழிக்கிறார். கட்டியைப் போத்தலில் பார்த்தாராம். தேசிக்காய் இல்லை, ஜெலி மாதிரி இருந்ததாம், இதற்கா இவ்வளவு சத்தம் என்று கேட்டாராம்.

இனித் தம்பி. அவன் கட்டிலில் ஏறப் போனபோது ஸ்கான் செய்கிற பெண் வழியை மறித்தாள். அடையாள அட்டை கேட்டாள். ஒருதரம் ஏமாந்தவள் சும்மா விடுவாளா? தம்பி கொடுத்தான். அட்டையில் இருந்த படம் அவன் மெலிந்து, தலை நிறைய மயிரோடு இருந்த காலத்தில் எடுத்தது. அவள் படத்தையும் அவனையும் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். "இது வேற ஆள்" என்றாள், இரவல் தமிழில்.

"நான்தான் மிஸ், நான்தான்!" என்று தம்பி அவளிடம் கெஞ்சினான். இவ்வளவு நாளும் அந்தக் கட்டிலில் ஏறமாட்டேன் என்று நின்றவன், இப்போது ஏறவிடும்படி கெஞ்சுகிறான். கடைசியில் நான் போய், இந்த மூஞ்சையைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிற தண்டனை எனக்குத்தான், இவனேதான் என்று சாட்சி சொன்னேன்.

களி பூசியதும் அவனுக்குக் கூசியது. இடப்பக்கம் சரிந்து படுத்தபடி கிக்கிக் என்று சிரித்தான். டொக்டர் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்து, அளந்து, மறுபடி அளந்தார். எனக்கு அந்தப் படம் தெரியும். என்னுடைய படத்தை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அதே சுவர். அதே தடிப்பு. சொல்லப்போனால் என்னுடையதைவிடக் கொஞ்சம் கூட. எதிலும் என்னை முந்த வேண்டும் அவனுக்கு.

"அக்காவின்ட வருத்தம்தான் உங்களுக்கும்," என்றார் டொக்டர்.

தம்பி எழும்பி உட்கார்ந்து நெஞ்சைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். "அப்ப டொக்டர், போன வருசம் கோவிலில எனக்கு வந்தது?"

"தலைக்கு இரத்தம் போகேல்லை."

"சனம் மாலை போட்டது டொக்டர்."

"மாலையை வச்சிருங்கோ. தடியைத் தோளில வைக்காதேங்கோ."

"ரெண்டு பேருக்கு விசா கிடைச்சது!"

"நல்லது. குளிசை எழுதித் தாறன்."

கூட்டாளியை அவர் மனைவியோடும் என் மச்சாளோடும் ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் அனுப்பினோம். போகும்போது அவர் தலையை வெளியே நீட்டி, "ரெண்டு பேர்ட இருதயமும் சுத்தம் இல்ல மச்சான்" என்று கத்திவிட்டுப் போனார். தம்பி சிரிக்கப் பார்த்தான். முகம் ஒத்துழைக்கவில்லை.

அவனை வீட்டில் கொண்டுபோய் விடுவதற்காக நானும் அவனும் காலி வீதிக்கு வந்தோம். புறக்கோட்டை பஸ் ஒன்று தரிப்பிடத்திலிருந்து நகரத் தொடங்கியது. இவன் ஓடத் தொடங்கினான். இப்போதுதான் டொக்டர் சொல்லி வாய் மூடினார், மருந்துச் சீட்டின் மை காயவில்லை, இவன் ஓடுகிறான்! நான் பின்னால் எட்டிச் சேட்டைப் பிடித்து இழுத்தேன். பொத்தான்கள் காலி வீதியில் பறந்தன. கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு, "நகினவத அம்மே, நெத்த?" என்று கேட்டான். ஏறவில்லை, போய்த் தொலை என்று தமிழில் சொன்னேன்.

அடுத்த பஸ்ஸுக்கு நடந்து போய் ஏறினோம். முன்னுக்கு மதகுருமாருக்கு என்று ஒதுக்கிய ஆசனம் மட்டும் வெறுமையாக இருந்தது. தம்பி பொத்தான் இல்லாத சேட்டோடு அதில் போய் ஜம் என்று இருந்தான்.

"எழும்படா! நீ இப்ப சாமி இல்லை!"

"நான் வருத்தக்காரன் அக்கா."

"எனக்கும் அதே வருத்தம்தான், நான் நிக்கேல்லையோ?"

"அப்ப நீயும் இரு. ரெண்டு பேருக்கு இடம் இருக்கு."

இருந்தேன். வேறு என்ன செய்வது? சுவர் தடித்த இரண்டு பேர், குருமார் ஆசனத்தில். பம்பலப்பிட்டியில் ஒரு பிக்கு ஏறினார். இரண்டு பேரும் துள்ளி எழும்பினோம். தம்பி கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தான். பிறகு எனக்கு மட்டும் கேட்கச் சொன்னான்:

"அக்கா, கோவில் தலைவருக்கு நீயே சொல்லு. நான் சொன்னா அழுதிடுவன். பின்தடியில நிக்கிறவனுக்குக் குடுக்கட்டும். ஆனா அவன்ட தோள் பதிஞ்சு கீழ நிக்கும் எண்டும் சொல்லு. சாமி சரியும்."

போனை எடுத்தேன். தலைவருக்குக் காது கொஞ்சம் மந்தம். பஸ் இரைச்சல் வேறு. அதனால் நான் சொன்னதை டிரைவர் முதல் கடைசி ஆசனம் வரை எல்லோரும் கேட்டார்கள்.

"ஓம் ஐயா, என்ட தம்பிதான்! இனி அவன் தூக்கமாட்டான்! உரு இல்லை ஐயா, இருதயம்! இ-ரு-த-ய-ம்! என்னது? அவனைக் கேக்க வேணுமோ? அவன் இங்கதான் நிக்கிறான், சேட்டில பொத்தான் இல்லாமல்!"